மூன்றாம் பொத்தான்

கதவோரம் மூன்று பொத்தான்கள்.
ஒன்று, முதலாளி ஹமூத்.
இரண்டு, அவர் மனைவி ஷம்ஸா.
மூன்று யாருக்கும் இல்லை என்று
சாவி கொடுத்த நாளில் சொன்னார்கள்.

ஒன்றை அழுத்தினால்
இருக்கை முனகிக்கொண்டே பின்னால் போகும்,
தாழும், சாயும்.
பக்கக் கண்ணாடிகள் இரண்டும் தலைதிருப்பி
இன்னொருவர் உயரத்திலிருந்து
மஸ்கட்டைப் பார்க்கத் தொடங்கும்.
அவர் இறங்கி நான் ஏறினாலும்
அவர் முதுகின் அச்சுக்குள்தான் என் முதுகு.

சொஹாரில் ட்ரெய்லர் ஓட்டிய பதினொரு வருடமும்
மரமணி கோத்த விரிப்பு ஒன்றே போதும் என்றிருந்தவன்.
இறங்கிச் சட்டையைக் கழற்றினால்
முதுகெல்லாம் புள்ளி வைத்த கோலம்.
கோடிழுக்கத்தான் ஆளில்லை.

இதுவோ
தோலின் துளைகள் வழியே குளிர்மூச்சு விடுகிற இருக்கை.
இடுப்புக்குப் பின்னால் காற்றுப்பைகள்
ஊதித் தணிந்து ஊதித் தணிந்து,
சப்பாத்திக்கு மாவு பிசைகிற யாரோ
உள்ளே குந்தியிருப்பதுபோல.
முதல் நாள் நிஸ்வா போகும்வரை
சிரிப்பை அடக்கிக்கொண்டே ஓட்டினேன்.

ஒரு ராத்திரி விமான நிலைய வாசலில்,
துபாய் விமானம் மூன்று மணி நேரம் தாமதம்,
முழங்காலுக்கு ஓர் அங்குலம்
கழுத்துக்கு அரை விரல்
என்று என்னை நானே அளந்து
மூன்றில் ஒளித்துவைத்தேன்.
டிங் என்றது.
சம்பளச் சீட்டில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம்,
ஆஸ்பத்திரிக் கோப்பில் வேறு விதம் என் பெயர்.
என்னைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டது
இந்த நாற்காலி ஒன்றுதான்.

ஆகஸ்ட்.
சலாலாவில் சாரல் என்று ஊரே தெற்கே கிளம்பும் மாதம்.
ஆயிரம் கிலோமீட்டர்.
முந்தின நாள் வொர்க்‌ஷாப்பில் பேட்டரி மாற்றினார்கள்.
விடியுமுன் ஹமூத் ஒன்றை அழுத்தினார்.
அசைவில்லை.
இரண்டு.
மூன்றையும் அழுத்தினார்; எனக்கு அடிவயிறு குளிர்ந்தது.
வண்டி
எல்லோரையும் மறந்துவிட்டிருந்தது.

தானே முயன்றார்.
முன்னே, பின்னே, இன்னும் கொஞ்சம்,
இது இல்லை, இதுவும் இல்லை.
சொந்தத் தெருவிலேயே
வீட்டு எண் தெரியாமல் சுற்றுகிறவர்போல.
அவருக்கு இடுப்பில் டிஸ்க் விலகல்;
ஸ்கேனுக்கு அழைத்துப் போனவன் நான்.

கொஞ்சம் இறங்குங்கள் என்றேன்.
நான் உட்காரவில்லை.
வெளியே நின்றபடியே விசையைத் தொட்டேன்.
கதவுத்தூணில் இருக்கும் கீறலுக்கு நேராகத் தலைசாய்ப்பு.
பெல்ட்டின் கொக்கி தெரிகிறவரை உயரம்.
இடுப்புக் காற்றுக்கு நான்கு எண்ணிக்கை.
ஏறி உட்கார்ந்தார்.
நன்றி எதுவும் இல்லை,
வெந்நீரில் கால் வைத்தவர்போல
ஆ என்று ஒரு சத்தம்.
பின்சீட்டில் ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டே
அப்போ என்னுடையது, என்றார் ஷம்ஸா.
அதையும் வைத்தேன்.

ஆதம் தாண்டியதும் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது.
இனி ஹைமா வரை
வளைவு என்றால் என்னவென்று கேட்கும் சாலை.
முன்னே. பின்னே. இன்னும் கொஞ்சம்.
இரண்டு பேரின் உடம்பு மனப்பாடம்,
என்னுடையது எங்கே போனது?
நூறு கிலோமீட்டர்.
ஒட்டகப் பலகை ஒன்று, ஒட்டகமில்லாமல்.
எண்ணெய் லாரி ஒன்று.
ஹமூத் வாயைத் திறந்து தூங்கினார்.
குளிர்மூச்சு, மாவு பிசைதல், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.
ஒன்றும் என்மேல் படியவில்லை.

ஹைமா கடந்து எங்கோ
இடது தோள்பட்டைக்குக் கீழே
ட்ரெய்லர் காலத்து வலி வந்து தட்டியது.
வா, என்றேன்.
மசாஜை நிறுத்தினேன்.
கஃப்தைன் பெட்ரோல் பங்க்கில்
எண்ணெய் நிரம்பும் நேரத்தில்
சாய்மானத்தை நிமிர்த்தி
அந்த வலிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினேன்.
அங்கேதான் இருந்தேன்.

மூன்றை
விரல் வெளுக்கும்வரை அழுத்தினேன்.

டிங்.

என்ன சத்தம், என்றார் ஷம்ஸா
கண் திறக்காமலே.

பெல்ட், மேடம்.